சனிக்கிழமை அழிபடாத கடிதங்கள்

எனக்கும் அண்ணனுக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. மேசன் வந்து நூல் பிடித்து, சீமெந்துக் கல் அடுக்கிக் கட்டிய சுவர். லிங்கநகரில் அப்பா கட்டிய வீட்டின் பெரிய அறையை நடுவாலே பிளந்துகொண்டு போகிறது. முன்பக்கம் எனக்கு, றோட்டைப் பார்த்த கேற்றோடு. பின்பக்கம் அவருக்கு, ஒழுங்கையைப் பார்த்த கேற்றோடு. மேசன் முதல் வரிசைக் கல்லை வைக்கும்போதே அண்ணன் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் மேசனைப் பார்த்துச் சொன்னார்: “கீழை ஒரு ஓட்டை விடுங்கோ. வயர் போகவேணும்.”

ரெலிபோன் லைன் என் பக்கம், அவருடைய கொம்பியூட்டர் பெட்டி அவர் பக்கம். மூன்று வருடமாக எங்கள் இருவருக்கும் இடையில் போய்வந்தது அந்த வயர் ஒன்றுதான்.

ஏன் கதைக்காமல் விட்டோம் என்று கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். அம்மாவின் வயிற்றில் கட்டி. கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யவேண்டும் என்றார்கள். அண்ணன் வான் பிடித்துவிட்டு வந்து நின்றார். நான்தான் மறித்தேன். “இந்த உடம்பை வானிலை போட்டு இவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போகேலாது. கொஞ்சம் தேறட்டும், அடுத்த கிழமை பாப்பம்” என்றேன். அடுத்த கிழமை அம்மா இல்லை. முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு, இலைகள்கூட எடுபடவில்லை, அண்ணன் சொன்னார்: “நீ பிந்தினதாலைதான் அம்மா போனவ.”

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளில்லை. “நீங்கள் ஒருநாளாவது அம்மாவைத் தூக்கிக் கழுவினனீங்களோ?” என்றேன். அடுத்த மாதம் மேசன் வந்தார்.

அண்ணன் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தின் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்து இளைப்பாறியவர். அண்ணி இறந்துபோய்ப் பன்னிரண்டு வருடம். ஒரே மகன் கனடாவில். தனியாக இருந்த மனிதர் பழைய பெட்டிகளின் உதிரிகளைச் சேர்த்து ஒரு சேர்வர் செய்துவைத்திருந்தார். சேர்வர் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்கவேண்டாம். திரையும் இல்லாமல், கீபோர்ட்டும் இல்லாமல், அவருடைய மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் விழித்தபடி கிடக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. முன்னுக்கு ஒரு பச்சை லைற். எங்கள் வீட்டுப் படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், அம்மாவின் ஆஸ்பத்திரிக் கடதாசிகள், எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அம்மா இருந்த காலத்தில் அண்ணன் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்து, அதை ஒரு துண்டில் எழுதி என் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டிருந்தார்.

அம்மாவின் இரண்டாம் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. கதிரையில் இருந்தபடி தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. போய்க் கேட்பேனா? செத்தாலும் மாட்டேன். நான் கணக்கு ரீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர்கள் வந்து இறங்கியபோது, கணக்குத் தெரிந்தவளுக்கு இதுவும் தெரியும் என்று அதிபர் அதையும் என் தலையில் கட்டிவிட்டார். அந்தக் கொஞ்ச அறிவை வைத்துக்கொண்டு, என் லப்டொப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, வீட்டு வயர் வழியாக அந்தப் பெட்டிக்குள் போகப் பார்த்தேன். பாஸ்வேர்டை மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். மாற்றவில்லை.

படத்தை எடுத்துவிட்டேன். வெளியே வரும்போதுதான் கண்ணில் பட்டது, ஒரு சின்ன வரி: உங்களுக்குப் புதிய கடிதம் வந்திருக்கிறது.

எனக்குக் கடிதம் வந்து எவ்வளவு காலம்! கரண்ட் பில்லைக் கடிதம் என்று சொன்னால் ஒழிய. ‘மெயில்’ என்று அடித்துப் பார்த்தேன். ஐந்து கடிதங்கள் இருந்தன. எழுதியது மனிதர் இல்லை, பெட்டி. இப்படியான பெட்டிகள் தங்கள் அலுவலைத் தாங்களே பார்த்துவிட்டு, தங்களுக்குப் பொறுப்பான ஆளுக்கு அதைப்பற்றி எழுதிவைக்கும். அந்தக் கடிதம் வெளியே எங்கும் போகாது. பெட்டிக்குள்ளேயே எழுதி, பெட்டிக்குள்ளேயே உள்ள தபாற்பெட்டியில் போட்டுவிட்டு, யாராவது வந்து வாசிக்கும்வரை இருக்கும். அண்ணன் அந்தக் கடிதமெல்லாம் வீட்டுப் பொதுப் பெயருக்கு வரும்படி வைத்திருந்தார்.

ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது. எனக்கு அது எங்கள் கதையில்தான் கேட்டது. நேற்றுப் பின்னேரம் கரண்ட் நின்றது, நான் ஒழுங்காகப் படுக்கமுன்னம் விழுந்துவிட்டேன், எழும்பித் தடவிப் பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை. படங்களை எல்லாம் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்றும் விடுபடவில்லை. இடம் குறைகிறது, கவனியுங்கள். ஒரு பொல்லாப்பும் இல்லாத, முறைப்பாடு மாதிரியும் இல்லாத கடிதங்கள். எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் வாசித்தேன். பிறகு கியூ என்ற எழுத்தை அடித்து வெளியே வந்தேன்.

அடுத்த நாள் காலமையும் போனேன். அதற்கு அடுத்த நாளும். காலை ஆறரைக்குத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இருந்தால், துறைமுகப் பக்கமிருந்து ஏதாவது ஒரு கப்பல் ஊதும். வேறு சத்தமில்லை. இரவிரவாக நடந்ததை எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மெய். இளைப்பாறிய பிறகு விடியற்காலையில் எழும்புவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது அப்போதுதான்.

ஒரு கிழமைக்குள் பிடிபட்டுவிட்டேன். அன்றைக்குத் தபாற்பெட்டியைத் திறந்தால் ஒரேயொரு கடிதம். எழுதியது பெட்டி இல்லை. அந்தக் கறுப்புத் திரை தமிழ் எழுத்தைச் சதுரம் சதுரமாகக் காட்டும் என்பதால், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். விளிப்பும் இல்லை, பெயரும் இல்லை.

‘வாசித்து முடிந்தால் கியூ அடிக்காதே. அடித்தால் வாசித்தது எல்லாம் வேறை இடத்துக்குப் போய்விடும். எனக்குக் கிடைக்காது. எக்ஸ் அடி.’

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி கீபோர்ட்டுக்குள் போய்விட்டது. இரண்டு வருடம்! இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதர் தங்கச்சியோடு வாய் திறக்கிறார், திறந்து சொல்வது இதுதானோ? என்ன எழுத்தை அடிக்கவேண்டும் என்று? எப்படி இருக்கிறாய் என்றில்லை, திவசத்துக்கு என்ன சமைத்தாய் என்றில்லை. அவரும் அவருடைய பெட்டியும் அதின் கடிதமும்! இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று லப்டொப்பை மூடினேன்.

அடுத்த நாள் ஆறரைக்குத் திறந்தேன். வாசித்தேன். எக்ஸ் அடித்தேன்.

பதில் எழுதவில்லை. ‘சரி’ என்று ஒரு சொல் அடித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். ஏன் அழித்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. தடிப்பு, வேறென்ன. பாஸ்வேர்டை ஒரு நிமிடத்தில் மாற்றி என்னை வெளியே விட்டிருக்கலாமே, ஏன் மாற்றவில்லை என்று அப்போது நான் ஒருக்காலும் யோசிக்கவில்லை.

அப்படியே ஒரு வருடம் போனது. ஒரே கடிதங்களை நான் ஆறரைக்கு வாசிப்பேன், அவர் பிறகு தன் மேசைக் கொம்பியூட்டரில் வாசிப்பார். கிழமை முழுக்கச் சேர்ந்ததை அவர் சனிக்கிழமைகளில் அழித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தால் தபாற்பெட்டி கூட்டித் துடைத்ததுபோல இருக்கும், சனி இரவு எழுதின ஒன்றைத் தவிர. அதைக் கண்டால், சரி, மனிதர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கச்சான் காற்றுக் காலத்திலும், மாரி மழையிலும், ஒரு சனிகூடத் தவறவில்லை.

எங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மனிதர் ஒருவர்தான் இருந்தார், மீன்காரர். சாம்பல்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். முதலில் என் கேற், பிறகு ஒழுங்கையால் திரும்பி அண்ணனுடைய கேற். கேட்காமலே அந்தப் பக்கத்துச் செய்தியைச் சொல்லுவார். நானும் காது கேட்காத மாதிரி நின்று கேட்பேன்.

“அங்காலை ஐயா இப்ப முள்ளில்லாத மீனெல்லோ கேக்கிறார், ரீச்சர். சூடை வேண்டாமாம். அறக்குளாத் துண்டு எண்டாத்தான் எடுக்கிறார்.”

“ஓ, மகாராசா! முள்ளெடுத்துக் குடுக்க ஓராளை வைக்கச் சொல்லுங்கோ” என்றேன்.

மீன்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் குத்துகிறது.

அதற்கு ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தபாற்பெட்டியைத் திறந்தால் திங்கட்கிழமைக் கடிதம் அப்படியே இருக்கிறது. செவ்வாய், புதன், எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை அழிக்கவில்லை.

உடனே விளங்கியது எனக்கு. விளங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஏதோ சரியில்லை என்று அந்த நிமிடமே தெரியும். எழும்பிப் போய்ச் சுவரில் காதை வைத்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. செருமும் சத்தம் கேட்டது. ஆள் இருக்கிறார், மறந்துபோனாராக்கும் என்று வந்து இருந்தேன்.

புதன்கிழமை மீன்காரர் சொன்னார்: “ஐயா மீன் எடுக்கிறேல்லை, ரீச்சர். கூப்பிட்டாலும் உள்ளுக்கிருந்து வேண்டாம் எண்டு சத்தம் மட்டும் வருது.”

“பாண் எடுக்கிறாரோ?”

“பாண் ஓட்டோ நிக்கிறதைக் கண்டனான்.”

பாண் வாங்குகிற மனிதருக்கு என்ன வருத்தம் இருக்கப்போகிறது? அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

இரண்டாவது சனியும் அழிபடவில்லை. அதற்குப் பிறகு பெட்டியின் எழுத்து மாறியது. படங்கள் இருக்கிற டிஸ்கில் சில இடங்களை வாசிக்க முடியவில்லை என்று எழுதியது. அடுத்த நாள், நேற்றையைவிட இன்றைக்குக் கூட என்றது. அதற்கடுத்த நாள், தாமதிக்காமல் பிரதி எடுங்கள் என்றது. எனக்குப் பதறியது. அம்மாவின் படங்கள் எல்லாம் அதில். பிரதியும் அந்த ஒரே டிஸ்கில்தான் என்று எனக்குத் தெரியும், மனிதருக்குச் சிக்கனம். எல்லாவற்றையும் என் பக்கம் எடுக்க லப்டொப்பில் இடமில்லை. டிஸ்க் மாற்ற எனக்குத் தெரியாது, பெட்டியும் என் பக்கம் இல்லை. அவரால்தான் ஏலும்.

எழுதினேன். கடைசியில் நானும் எழுதினேன், அவர் எழுதின மாதிரியே, ஆங்கில எழுத்தில், விளிப்பில்லாமல், அதே தபாற்பெட்டிக்கு: ‘டிஸ்க் பழுதாகுது. பார்த்தனீங்களோ?’

பதில் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. என் கடிதம் மற்றக் கடிதங்களோடு வரிசையில் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு காலையும் அதைக் கண்டு எனக்கு விசர் பிடித்தது. நான் இறங்கி வந்து ஒரு சொல் எழுதியிருக்கிறேன், அதற்கும் மனிதர் அசையவில்லை! பெத்த தாயின் படம் அழியட்டும் என்று விட்டுவிட்டு ரேடியோ கேட்கிறார்! மூன்றாவது சனியும் போனது. செவ்வாய்க்கிழமை காலை பெட்டி எழுதியிருந்தது, சில படங்களைத் திறக்க முடியவில்லை என்று. நான் செருப்பைப் போட்டேன்.

என் கேற்றிலிருந்து அவருடைய கேற்றுக்கு நூற்றிப்பத்துக் காலடி. எண்ணிக்கொண்டே போனேன், இல்லாவிட்டால் பாதியில் திரும்பியிருப்பேன். சொல்லவேண்டியதை எல்லாம் வாய்க்குள் அடுக்கிவைத்திருந்தேன். கேற்றில் தட்டினேன். உள்ளே செருப்புச் சத்தம் மெல்ல மெல்ல வந்தது. அந்தக் கேற் நெஞ்சு உயரம்தான். அதற்கு மேலால் அண்ணனுடைய முகம். தாடி வளர்ந்திருந்தது. என்னுடைய முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஆர்?”

எனக்கு உச்சியில் ஏறியது. மூன்று வருடத்துக்குப் பிறகு வாசலில் வந்து நிற்கிறேன், முகத்தைப் பார்த்து ஆர் என்று கேட்கிறாரே! இதைவிட ஒரு மனிதரை அறையலாம். அடுக்கி வைத்த ஒன்றும் வாயில் வரவில்லை. திரும்பினேன். மூன்று எட்டு நடந்துவிட்டேன்.

பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணனுடைய கை கேற்றின் கொளுக்கியைத் தேடிக்கொண்டிருந்தது. கொளுக்கிக்கு மேலே தடவியது, கீழே தடவியது, கம்பியைப் பிடித்து விட்டது. கண் இரண்டும் நான் முதல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஆரெண்டு கேட்டனான். பாண்காரரோ?”

“நான்” என்றேன்.

அண்ணனுடைய கை நின்றது. பிறகு, “வந்திட்டியோ” என்றார். “உள்ளுக்கு வா. படியிலை கவனம், ஒண்டு உடைஞ்சு கிடக்கு.”

குசினியில் பாண் துண்டுகளும், மூடாத மாஜரின் டப்பாவும், எறும்பும். கதிரையில் அவரை இருத்திவிட்டுக் கேட்டேன், என்ன நடந்தது என்று. சீனி வருத்தம் கண்ணுக்கு இறங்கி, இடது கண் எப்போதோ மங்கிவிட்டதாம். மகனுக்கும் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணோடு சமாளித்தாராம். அதுதான் முள்ளில்லாத மீன். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை வலது கண்ணுக்குள்ளும் இரத்தம் இறங்கி, கறுப்புத் துணி போட்ட மாதிரி ஆகிவிட்டதாம்.

“அண்டைக்கு ஆறரைக்கு பச்சை லைற்றைப் பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றார். “நீ உள்ளுக்கு வந்தா அது படபடவெண்டு மினுங்கும். ஒவ்வொருநாளும் அதைத்தான் பாப்பன். மினுங்கினா, சரி, எழும்பிட்டாய். அண்டைக்கு மினுங்கேல்லை. உனக்குத்தான் ஏதோ நடந்திட்டுது எண்டு எழும்பி ஓடிவரப் பாத்தனான். அப்ப உன்ர பக்கம் குழாய்ச் சத்தம் கேட்டது. அதுக்குப் பிறகுதான் விளங்கினது, பிழை என்ர கண்ணிலை எண்டு.”

பாஸ்வேர்டை அவர் ஏன் மாற்றவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஒரு குரல் குடுத்திருக்கலாமே! ஒரு சுவர்தானே! ஒருக்காத் தட்டியிருக்கலாமே!” என்று கத்தினேன். கத்தத்தான் எனக்கு வரும்.

“முதல் ரெண்டு நாள் வெளிக்கும் எண்டு பாத்தனான். பிறகு சனிக்கிழமை வந்தது. நான் அழிக்கேல்லை எண்டா நீ கண்டிடுவாய் எண்டு தெரியும். வருவாய் எண்டு இருந்தனான்.” என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். “காணேல்லையோ?”

கண்டேன். அந்தச் சனிக்கு அடுத்த நாளே கண்டேன். காதைச் சுவரில் வைத்து, உயிர் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு வந்து இருந்தேன். என்னத்தைச் சொல்ல? கணக்கு ரீச்சருக்குக் கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. அந்த வியாழனிலிருந்து இந்தச் செவ்வாய்வரை பத்தொன்பது நாள்.

அன்றைக்கே இங்கே கண் டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கொழும்புக்குக் கடிதம் எழுதித் தந்தார். இந்த முறை வானை நானே பிடித்தேன். ஒரு நாளும் பிந்தவில்லை.

கொழும்பில் ஒப்பரேசன் செய்தார்கள். வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்துத் தெரியாது என்றார்கள். அவ்வளவுதான் ஏலுமாம். என்னை வெளியே கூப்பிட்டு, ரெண்டு கிழமை முந்திக் கொண்டுவந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றார் பெரிய டொக்டர். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டார். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கட்டிலில் கண்ணில் கட்டோடு கிடந்த அண்ணனுக்குக் கேட்டிருக்கும்.

திரும்பி வரும்போது வானில் அவர் பக்கத்தில் இருந்தேன். நீ பிந்தினதாலைதான் என்று அவர் எப்போது சொல்லப்போகிறார் என்று வழி முழுக்கக் காத்திருந்தேன். சொன்னால் நல்லது என்றுகூட நினைத்தேன். சொல்லிவிட்டால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லலாம், இரண்டு பேரும் சரிக்குச் சரி. அவர் சொல்லவில்லை. ஓரிடத்தில் காற்றுக் குளிர்ந்தபோது, “கந்தளாய் வந்திட்டுதோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“குளம் நிரம்பியிருக்கோ?”

“கரைமுட்ட நிக்குது.”

“அம்மாவுக்குக் காட்டியிருக்கலாம்” என்றார். அதில் குற்றம் ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். திருப்பத் தேவையில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்த கிழமை டிஸ்க்கை மாற்றினோம். அவர் கதிரையில் இருந்து வாயால் சொல்ல, நான் பெட்டியைத் திறந்து, எந்த ஆணி, எந்த வயர் என்று தடவிச் செய்தேன். “மூளையைப் பாவிச்சுச் செய், கணக்கு ரீச்சர்” என்று ஏசினார். “வாயை மூடிக்கொண்டு இருங்கோ, விளங்கேல்லை” என்று நானும் ஏசினேன். முந்நூற்றுச் சொச்சம் படங்கள் போய்விட்டன. கோப்பை பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் தப்பியது, என் லப்டொப்பில் இருந்தபடியால்.

சுவரை இடிக்கவில்லை. மகன் கனடாவிலிருந்து இடிக்கச் சொல்கிறான். அண்ணன், பிறகு பாப்பம் என்கிறார், நானும் அதையே சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் பிறகு பாப்பம் என்பதுதான் கூடிய சொல். ஒவ்வொரு காலையும் போத்தலில் தேத்தண்ணியையும், கக்கத்தில் லப்டொப்பையும் வைத்துக்கொண்டு நூற்றிப்பத்துக் காலடி நடந்து போகிறேன். அவருடைய மேசையில் லப்டொப்பை வைத்து, அந்தப் பெட்டிக்குள் போய், இரவு அது எழுதினதை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கிறேன். கரண்ட் நின்றதோ, இடம் இருக்கிறதோ, புது டிஸ்க் சுகமாக இருக்கிறதோ என்று கேட்பார். மீன்காரர் வந்தால் சூடைதான் வாங்குகிறோம். முள்ளெடுத்துக் கொடுக்கிற ஆள் நான்தான்.

போன கிழமை ஒருநாள், கடைசிக் கடிதத்தையும் வாசித்து முடித்தேன். அண்ணன் பெட்டி இருக்கிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பச்சை லைற் மினுங்கிக்கொண்டிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

“வாசிச்சு முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“இனிக் கியூ அடி” என்றார். “எனக்கெண்டு வைக்கத் தேவையில்லை. நான் பிறகு வந்து வாசிக்கப் போறேல்லை.”

சும்மா, சாதாரணமாகத்தான் சொன்னார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். நான் கீபோர்ட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் காத்திருந்தார்.

“அடிச்சிட்டியோ?”

“அடிச்சிட்டன்” என்றேன்.

எக்ஸ்தான் அடித்தேன். இரண்டு எழுத்துக்கும் ஒரே சத்தம்தான்.